எவ்ளோ இருக்கு சார்

காவேரிப்பட்டணம், பள்ளிக்கூட மைதானம்.
மே மாதம். மாங்கூழ் ஆலைப் பக்கமிருந்து
காற்று திரும்பும்போதெல்லாம்
இருபத்திரண்டு பேரும் இனிப்பாய் மூச்சு விடுகிறார்கள்.
விசில் என் வாயில்.

பர்கூர் அணிக்கு ஒன்பதாம் நம்பர், திம்மராயன்.
வயது நாற்பத்தொன்று.
பதிவுத் தாளில் முப்பத்தேழு.
நான் கேட்கவில்லை.
என் வயதை யார் கேட்டார்கள்?

காலையில் அவன் கட்டுப் போடுவதைப் பார்த்தேன்.
வலது முட்டிக்கு ஒன்று, அதன்மேல் இன்னொன்று,
கணுக்காலுக்குத் தலைப்பாகை நீளத்தில் ஒன்று.
கிரானைட் பட்டறையில் பாலிஷ் போட்ட பலகைக்குச்
சாக்கு சுற்றுகிற அதே கை.
உடையாமல் ஊர் போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

பத்தாவது நிமிஷம் ஷூ கயிறு அவிழ்ந்தது. குனிந்தான்.
இருபதாவது நிமிஷம் மறுபடி.
அவிழவே இல்லை, எனக்குத் தெரியும்.
மூச்சுக்கு அவன் வைத்திருக்கிற பேர் கயிறு.

ஆஃப்சைடு கொடுத்தேன்.
இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான்.
ஆனாலும் கையை விரித்துக்கொண்டு
அந்தக் கோடியிலிருந்து நடந்து வருகிறான், நடந்து,
"என்ன சார்... இது... என்ன சார்..."
மஞ்சள் அட்டை கேட்டுக் கத்துகிறது கூட்டம்.
பாக்கெட்டில் விரலை வைத்தபடி
அவன் பேசி முடிக்கட்டும் என்று நிற்கிறேன்.
எனக்கும்தான் இரைக்கிறது.

பதினாறு வருஷம் முன்னால், ஓசூரில்,
இவனைப் பிடிக்கச் சொல்லி என்னைத்தான் விட்டார்கள்.
ஆளைப் பிடிக்க முடியவில்லை, சட்டையைப் பிடித்தேன்.
சட்டை என் கையோடு வந்துவிட்டது.
வெறும் முதுகோடு போய் கோல் போட்டான்.
மறு வருஷமே நான் நிறுத்திக்கொண்டேன்.
மின்வாரிய வேலை, கல்யாணம், தொப்பை.
மரியாதையோடு நின்றவன் என்று நல்ல பேர்.
அந்தப் பேரை வைத்துக்கொண்டு
ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு
என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.
விசில் எண்பது ரூபாய்.

"பெருசு, போய் உக்காரு!
பேத்திக்குக் காது குத்தணுமாம்!"
கேட்காத மாதிரி ஓடுகிறான்.
அறுப்பு மெஷினுக்கு அவன் கொடுத்தது இடது காதை.
கத்துகிறவர்கள் வலது பக்கம்.

எழுபதாவது நிமிஷம் அட்டை தூக்கினார்கள்,
ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய ஒன்பது.
கோட்டோரம் நவாஸ் குதித்துக் குதித்துச் சூடேற்றுகிறான்,
பத்தொன்பது வயது.
திம்மராயன் அட்டையைப் பார்த்தான்.
ஆறு என்று படித்தான்.
ஆறாம் நம்பர் முதுகைத் தட்டி,
"போ தம்பி, உன்னைத்தான் கூப்பிடறாங்க."
அந்தப் பையன் திருதிருவென்று பாதி தூரம் போய்த்
திரும்பி வருவதற்குள்
பந்து ஆட்டத்துக்கு வந்துவிட்டது.
அட்டையைக் கீழே போட்டுவிட்டார் அவர்கள் கோச்.

அப்புறம் அது நடந்தது.
மூலையிலிருந்து ஒரு உயரப் பந்து.
எல்லோரும் பந்தைப் பார்த்து ஓடுகிறார்கள்.
இவன் மட்டும் பந்தே இல்லாத இடத்துக்குப் போய்
பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறான்.
பந்து அங்கேதான் விழுந்தது.
கால் மட்டும் அரை நொடி கழித்து வந்தது.
கம்பத்துக்கு வெளியே.
தலையில் கை வைக்கவில்லை, திட்டவில்லை.
விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்,
தன் கையெழுத்தைப் பழைய பத்திரத்தில் பார்க்கிறவன் போல.

"எவ்ளோ இருக்கு சார்?"
ஜெயிக்கிறவன் கேட்பான், சீக்கிரம் முடியட்டும் என்று.
தோற்கிறவன் கேட்பான், முடியக் கூடாதென்று.
இவன் ஒன்றுக்கு ஒன்றில் கேட்கிறான்.

என் கடிகாரத்தில் ஒன்றரை.
நாலு என்றேன்.
கயிறு கட்டிய நேரம், வாதாடிய நேரம்,
எல்லாம் அவன் போட்டு வைத்த காசுதானே.

மூன்றாவது நிமிஷம் காவேரிப்பட்டணத்துப் பையன்கள்
கோல் அடித்துவிட்டார்கள்.

பர்கூர்க்காரர்கள் புழுதியில் படுத்துக் கிடந்தார்கள்.
ஆறாம் நம்பர் என்னை முறைத்தான்.
திம்மராயன் கட்டை அவிழ்த்துக்கொண்டே நொண்டி வந்து
"ஆஃப்சைடு சரிதான் சார்" என்றான்.
அப்புறம்,
"அடுத்த ஞாயிறு பாலக்கோட்டுல
நீங்கதானே விசிலு?"

ஆமாம் என்றேன்.
என்னை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.